ஓட்டை வாளி வழக்கு

முதலில் என்னைச் சீண்டியவர் பேராசிரியர் தேவநாதன். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

விழுப்புரத்துக்கும் கோலியனூருக்கும் நடுவில் ஒரு சட்டக் கல்லூரி. அங்கே நான் வாட்ச்மேன். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம். கேட் அருகே நாற்காலியில் கண்ணை மூடி, தலை தொங்க உட்கார்ந்திருந்தேன். அவர் மாடியிலிருந்து செல்போனில் படம் எடுத்துவிட்டார்.

'பணி நேரத்தில் உறக்கம்' என்று மெமோ வந்தது. எனக்கு அது இரண்டாவது மெமோ. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"தூங்கலீங்க சார்" என்றேன். வேறு என்னதான் நடந்தது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். கேட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவருக்கு வணக்கம் வைப்பதில்லை.

போன வாரம் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். என் நாற்காலிக்குப் பின்னால்தான் அந்த வகுப்பின் ஜன்னல்.

"ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி, கிரேக்க நாட்டுல, ஏதென்ஸ் நகரத்துல கோர்ட்டு எப்படி நடந்துச்சு தெரியுமா? ஓட்டை போட்ட பானையில தண்ணி ஊத்துவாங்க. தண்ணி தீர்ற வரைக்கும் பேசலாம். குற்றம் சாட்டுறவனுக்கு எவ்வளவு தண்ணியோ, சாட்டப்பட்டவனுக்கும் அவ்வளவே. ரெண்டு பக்கமும் கேக்காம தீர்ப்பு இல்ல. இன்னிக்கும் சட்டத்தோட உயிர் அதுதான்."

ஜன்னலுக்குள் தலையை விட்டேன்.

"எனக்கு ஒரு டம்ளர் தண்ணிகூட ஊத்தலீங்களே சார்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தேவநாதனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் மனுஷர் பின்வாங்கவில்லை.

"சரி துரைக்கண்ணு, உள்ள வாங்க. இங்கயே விசாரிப்போம். இவங்க உங்களை நிரபராதின்னு சொன்னா மெமோவைக் கிழிச்சிட்டு, எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன்."

மெமோ கிடக்கட்டும். எனக்கு அந்த மன்னிப்பு வேண்டும்.

கேன்டீனிலிருந்து ஓட்டை வாளி ஒன்று வந்தது. ஏதென்ஸில் வெண்கல வில்லையால் ஓட்டுப் போட்டார்களாம். இங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. முழு மல்லாட்டை என்றால் குற்றவாளி, வெறும் ஓடு என்றால் நிரபராதி.

எனக்கு எதிராகப் பேச வெனிலா என்ற மாணவியை எழுப்பி, செல்போனில் அந்தப் படத்தைக் காட்டினார். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பிள்ளை. முதலில் தயங்கினாள். வாளியில் தண்ணீர் ஊற்றியதும் வேகம் பிடித்துக்கொண்டாள்.

"காவல்காரரே தூங்கினா காலேஜ் என்னாகும்? சட்டம் ஆளைப் பாத்து வளையலாமா? கை தொங்குது, வாய் பொளந்து கெடக்குது, குறட்டை வேற! இது தூக்கம் இல்லன்னா வேற எது தூக்கம்?"

ஒரே கைதட்டல். மறுபடி வாளியை நிரப்பினார்கள். என் முறை.

நாலு மாதமாக மனசுக்குள் பேசிப் பழகியதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது.

"அந்தப் பாப்பாகிட்ட ஒரே ஒரு கேள்விங்க" என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கேளுங்க" என்றார் தேவநாதன்.

"ஒண்ணுமில்லீங்க."

"தண்ணி இன்னும் பாதிக்கு மேல இருக்குதே."

"செடிக்கு ஊத்திடுங்க."

ஓட்டெடுப்பு நடந்தது. அலெக்ஸ் என்ற பையன், "பருப்பைத் தின்னுட்டேன் சார், ஓடுதான் மிச்சம்" என்றான். அதையும் எனக்கு ஆதரவாகவே எண்ணினார்கள். முழு மல்லாட்டை முப்பத்தொன்று. ஓடு ஒன்பது. அந்த ஒன்பதில் என்மேல் இரக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், பசியில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

"வருத்தப்படாதீங்க" என்றார் தேவநாதன். "சாக்ரடீஸ்னு ஒரு பெரிய ஞானி. அவரே இப்படி ஓட்டுல தோத்தவர்தான்."

"அவருக்கும் மெமோதானுங்களா?"

"விஷம்."

"அப்ப எனக்குப் பரவால்லீங்க."

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு வெனிலா என் நாற்காலி அருகே வந்து நின்றாள்.

"கோவமா தாத்தா? என்னமோ கேக்க வந்தீங்களே, என்னா அது?"

"மாடியிலேர்ந்து படம் எடுத்தவருக்கே குறட்டை கேக்கல. மெமோவுலயும் அது இல்ல. உனக்கு எப்படிம்மா கேட்டுது?"

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அன்னிக்குப் பரீட்சை தாத்தா... பஸ்ஸு விக்கிரவாண்டியில ரிப்பேராகி..."

"ஒம்பதே முக்காலுக்கு, செருப்பைக் கையில புடிச்சிக்கினு, சின்னக் கதவு வழியா பூனை மாதிரி வந்தே. ஒம்பதரைக்கு மேல யாரையும் உடக்கூடாதுன்னு உத்தரவு. ஒரு பையனைத் தெரிஞ்சே உட்டதுக்குத்தான் எனக்கு மொத மெமோ. அதான் இந்த வாட்டி உன்னப் பாத்ததும் ஜல்தியா கண்ணை மூடிக்கினேன். நீ பயப்படாம தாண்டிப் போவணுமேன்னு குறட்டையும் உட்டேன்."

அவளுக்குக் கண் கலங்கியது. "சார்கிட்ட இப்பவே போய் சொல்லிடறேன் தாத்தா."

"சொன்னா உன் பரீட்சையை ரத்து பண்ணிடுவாங்க. பேசாம ஊரு போய்ச் சேரு. இனிமே நேரத்தோட வா. இன்னொரு வாட்டி தூங்கினா எனக்கு வேலை போயிடும்."

தேவநாதன் இன்னும் என்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்கிற வரைக்கும் நானும் விடுவதாக இல்லை.