தண்ணிக்கு என்ன வாசனை?

“ஆஹா! இப்பத்தான் புல்லு வெட்டின மாதிரி இருக்கே!”

ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த பெண், மணிக்கட்டை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

சென்ட் கடை வாசலில் காவலுக்கு நின்ற பொடியண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? நேற்றுக் கடை சாத்தும்போது, அந்தப் பச்சை சாம்பிள் புட்டியைக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்ததே அவர்தான். அவசரத்தில் சட்டையெல்லாம் நனைந்து போனது. ஆனாலும் காரியம் முடிந்தது.

கவுண்ட்டரில் நிற்கும் பெண்ணின் மேல்தான் கடுப்பு. போன மாதம் மேனேஜர் வந்து வாசலில் கிடந்த நாற்காலியை எடுத்துவிட்டார். “உட்கார்ந்தா தூங்கறீங்களாமே?” என்று ஒரு வார்த்தை.

தூங்கறீங்களே என்றால் பரவாயில்லை. தூங்கறீங்களாமே! அப்படியானால் யாரோ போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அவளைத் தவிர வேறு யார்? அன்றிலிருந்து முழங்கால் வலிக்கும்போதெல்லாம் அந்த ‘ஆமே’ அவர் காதில் கேட்டது.

இன்று வாசனையே இல்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். ஒரு சாம்பிளைப் பார்த்து வைத்துக்கொள்ள வக்கில்லையா என்று மேனேஜர் அவள் சீட்டைக் கிழிப்பார். நின்றுகொண்டே வேடிக்கை பார்க்கலாம் என்று காத்திருந்தார்.

சண்டைக்கு ஒருத்தரும் வரவில்லை.

அடுத்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள்.

“புல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. பென்சில் சீவின வாசனை” என்றாள் மாமியார்.

“போங்கத்தை, இலையைக் கசக்கின மாதிரி எவ்வளவு நல்லா இருக்கு!”

“உன் மூக்குக்கு என் குழம்பே நல்லா இல்லையே, இது மட்டும் நல்லா இருக்கா?”

கவுண்ட்டர் பெண் நடுவில் புகுந்தாள். “ரெண்டு பேரும் சொல்றது சரிதாம்மா. பச்சையும் மரமும் கலந்தது இது. அவங்கவங்க உடம்புச் சூட்டுக்குத் தகுந்த மாதிரி மாறி வரும்.”

‘தண்ணிக்கு என்னடி சூடு!’ பொடியண்ணன் திரும்பி நின்று ஒரு சிட்டிகை பொடியை ஏற்றிக்கொண்டார். இளவயதில் பிடித்த பழக்கம். அவர் மூக்குக்கு மல்லிகையும் ஒன்றுதான், பினாயிலும் ஒன்றுதான்.

மத்தியானம் வந்த நடுத்தர வயதுப் பெண்மணிதான் உச்சம். முகர்ந்தாள். கண் நிறைந்துவிட்டது.

“எங்கப்பா மரப்பட்டறையிலேர்ந்து வந்து என்னைத் தூக்குவாரு. அந்தச் சட்டை வாசனைம்மா இது.”

‘பச்சைத் தண்ணிக்கு ஒப்பாரியா! காசு இருந்தா அப்பன் வாசனைகூட வரும் போல.’ பொடியண்ணன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. உலகத்தில் எல்லாரும் நடிக்கிறார்கள் என்பது அவருக்கு நெடுநாள் சந்தேகம். இன்று ருசுவாகிவிட்டது.

சாயங்காலம் கடை முடிந்தது. வேலை செய்பவர்கள் வெளியே போகும்போது பையைச் சோதிப்பது பொடியண்ணன் பொறுப்பு. கவுண்ட்டர் பெண்ணின் பையை மட்டும் எப்போதும் அடிவரைக்கும் துழாவுவார். டிபன் டப்பா, குடை, சீப்பு.

அதற்கும் கீழே, கைக்குட்டையில் சுற்றி, பச்சைப் புட்டி.

“சார்! ஓடி வாங்க! கையும் களவுமா பிடிச்சுட்டேன்!”

மேனேஜர் ஓடி வந்தார். பெண்ணின் முகம் வெளுத்தது.

“பொடியண்ணே, மெதுவா பேசுங்க...”

“என்ன மெதுவா? இப்பவாவது தெரிஞ்சுக்கோங்க சார், யாரை உள்ளே நிக்க வெச்சிருக்கோம்னு!”

மேனேஜர் புட்டியை வாங்கித் தன் புறங்கையில் அடித்தார். முகர்ந்தார். மறுபடி அடித்து முகர்ந்தார்.

“என்னய்யா இது? வெறும் தண்ணி.”

பொடியண்ணன் புட்டியையும் கவுண்ட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணிப் புட்டி இங்கே இருக்கிறதென்றால், காலையிலிருந்து கவுண்ட்டரில் இருந்தது?

“ஏம்மா, சாம்பிள் புட்டியில தண்ணி எப்படி வந்துச்சு?” மேனேஜர் குரல் மாறியது.

பொடியண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார். நாற்காலி இருந்தால் தேவலை.

அவள் மேனேஜரைப் பார்த்துச் சொன்னாள். “காலியான புட்டி சார். துணி தேய்க்கறப்போ தண்ணி தெளிக்க ஆகும்னு எடுத்துக்கிட்டேன். நல்லா பீய்ச்சுதான்னு நிரப்பிப் பார்த்தேன். கேக்காம எடுத்தது தப்புதான்.”

“தூக்கிப் போடற புட்டிக்கா இத்தனை கூப்பாடு?” மேனேஜர் பொடியண்ணனை முறைத்துவிட்டு உள்ளே போனார்.

பொடியண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

“அப்போ... அவங்களுக்கெல்லாம் அடிச்சது?”

“நிஜ சென்ட்டுதாண்ணே. கடை திறந்ததுமே புது சாம்பிள் வெச்சுட்டேன்.”

“நான்தான்னு உனக்கு யாரு போட்டுக் கொடுத்தா?”

அவள் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்து, பையை மூடினாள்.

“நாளைக்காவது சட்டையை மாத்திட்டு வாங்கண்ணே. காலையில கதவைத் திறந்து விட்டப்பவே உங்க மேல இந்த சென்ட்டு வாசனை தூக்குச்சு, ஈர மரம் மாதிரி. எல்லார் மூக்கும் உங்க மூக்கு மாதிரி இருக்காது.”