ரேடியோவுக்கு ஒரு குடம்

“எர்த் போட்ட லட்சணம் இதுதானா ஓய்? நன்னா காதைக் குடுத்துக் கேளும்!”

சேஷு ஐயங்கார் ரேடியோவின் குமிழைத் திருகினார். திருச்சி நிலையத்தில் யாரோ உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டை அமுக்கிக்கொண்டு ‘ம்ம்ம்...’ என்று ஒரே இரைச்சல்.

சவரிராயனுக்கு முகம் சிறுத்துவிட்டது. பாலக்கரையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஸ்ரீரங்கத்தில் அவன் கைவைத்த முதல் வீடு இது. யுத்தச் செய்தி கேட்க வாங்கிய பெட்டிதான்; ஆனால் கச்சேரி நேரத்தில் பக்கத்துக் குடித்தனங்கள் அத்தனையும் கூடத்தில் ஆஜராகிவிடும். இன்றைக்கும் ஆஜர். இவர்கள் முன்னால் பேர் கெட்டால் அப்புறம் இந்த வீதியில் எவரும் அவனைக் கூப்பிடப் போவதில்லை.

“பெட்டியில கோளாறு இல்லீங்க. எர்த் காஞ்சு போயிருக்கணும். கொல்லையில கம்பி புதைச்ச குழிக்குத் தினம் ஒரு குடம் தண்ணி ஊத்தச் சொன்னேனே, ஊத்துறாங்களா?”

“நானும் அதைத்தான் கேக்கறேன்,” என்றார் அடுத்த குடித்தனத்துக் கோபு. “மூணு குடித்தனத்துக்கும் ஒரே கிணறு. சித்திரை வெயில்ல தீர்த்தம் பாதாளத்துல கிடக்கு. ஆளுக்கு எட்டுக் குடம்னு எண்ணி எறைச்சுக்கறோம். ரேடியோ எல்லாருக்கும் பொதுன்னுதான் அதுக்குன்னு தனியா ஒரு குடம் ஒதுக்கினது.”

“குமுதம் தினம் எடுத்துண்டு போறா!” என்று ஐயங்கார் வெடுக்கென்று சொன்னார். “உமக்கு வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும். என் ஆத்துக்காரி மேல பழியைப் போடாதேயும்.”

சவரிராயனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று கொல்லைக்குப் போனான்.

குழிக்குள் கையை விட்டுப் பார்த்தான். ஈரம் காக்கப் போட்டிருந்த கரியும் உப்பும் பொடிப் பொடியாக உதிர்ந்தன. பல நாளாகச் சொட்டுத் தண்ணீர் விழுந்த அடையாளமில்லை.

அப்படி வா வழிக்கு! நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினால் தீர்ந்தது. குரல் கொடுக்கப் போனவன், காலடிச் சத்தம் கேட்டு நின்றான்.

ஐயங்காரின் மனைவி குமுதவல்லி இடுப்பில் குடத்தோடு வந்தாள். இவ்வளவு நேரம் கிணற்றடியில் இருந்தவளுக்குக் கூடத்து ரகளை எதுவும் தெரியாது. வாழை மறைவில் நின்ற அவனையும் கவனிக்கவில்லை. நேரே குழியைத் தாண்டிப் போய்க் கொல்லைக் கதவைத் திறந்தாள்.

வெளியே சந்தில், தெருக்கூட்டும் பாப்பாயி மண்பானையோடு காத்திருந்தாள்.

“மெதுவா ஊத்துங்கம்மா. எங்க கிணத்துல சேறுதான் வருது. இதுதான் இன்னிக்குக் குடிக்க.”

குடம் காலியானது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிய குமுதவல்லி, அவனைப் பார்த்துவிட்டாள்.

“பாத்துட்டேளா?”

“பாத்தேன்மா.”

“தாகத்துக்குக் கேட்டா. இல்லேன்னு சொல்ல மனசு வரலை. வெளியில தெரிஞ்சா அவளை இந்தச் சந்துலயே நிக்கவிட மாட்டா. எங்காத்துக்காரருக்கும் தெரியாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவார். சொல்லிடாதீங்கோ.”

கம்பி புதைத்த மண்ணுக்கு மூன்று குடித்தனமும் சேர்ந்து தண்ணீர் ஒதுக்கியிருக்கிறது. மனுஷிக்கு ஒதுக்கத்தான் எவருக்கும் தோன்றவில்லை.

கூடத்துக்குத் திரும்பினான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

“என் வேலையிலதாங்க தப்பு,” என்றான். “குழியைச் சரியா வெட்டலை. இதுக்கு ஒரு குடம் காணாது. தினம் ரெண்டு குடம் ஊத்தணும்.”

“ரெண்டா?” என்று கோபு வாயைப் பிளந்தார். பிறகு ரேடியோவை ஒரு தரம் பார்த்தார். “என்ன பண்றது, நாளைக்கு வேற நல்ல கச்சேரி இருக்கு. ரெண்டாவே இருக்கட்டும்.”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். “அரைகுறை ஆளைக் கூப்பிட்டா இப்படித்தான்,” என்று யாரோ முணுமுணுத்தது சவரிராயன் காதிலும் விழுந்தது.

குமுதவல்லி இன்னொரு குடம் இறைத்துவந்து குழியில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கிப் பாட்டு கணீரென்று கேட்டது. யாரும் அவனைப் பாராட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஸ்ரீரங்கத்துப் பிழைப்பு இன்றோடு சரி என்று நினைக்க வருத்தமாகத்தான் இருந்தது.

“சவரிராயன், நில்லும்!”

தெருமுனையில் ஐயங்கார் மூச்சிரைக்க வந்து பிடித்தார். இன்னும் திட்டு பாக்கி போலிருக்கிறது என்று நினைத்தான்.

ஐயங்கார் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“குழி காஞ்சிருந்தா இன்னொரு குடம் ஊத்தச் சொல்லுவீர்னு நெனச்சுத்தான் உம்மைக் கூப்பிட்டேன். நீர் எடுத்த எடுப்புல ஊத்துறாங்களான்னு கேட்டுட்டீர். எங்கே அவ மாட்டிண்டுடுவாளோன்னு பயந்துட்டேன். அதான் அப்படிக் கத்தினேன். மனசுல வெச்சுக்காதேயும்.”

“அப்போ... உங்களுக்குத் தெரியுமா சாமி?”

“பத்து நாளாத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். பயந்துண்டு நிறுத்திடுவா.”

ஐயங்கார் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார்.

“ஆனா அவசரப்பட்டு ரெண்டுன்னு சொல்லிட்டீரே ஓய்! மூணுன்னு சொல்லியிருக்கப்படாதோ? பாப்பாயிக்குக் கைக்குழந்தை வேற இருக்கு.”