போதும் என்றால்

மனையியல் மூன்றாமாண்டு மாணவி நப்பின்னைக்குச் செய்முறைத் தேர்வாகக் கிடைத்தது ஒரு மாப்பிள்ளை. கல்யாணமாகி மாமியார் வீட்டோடு வந்த மூன்றே மாதத்தில் ஆறு கிலோ இளைத்திருந்தார். மாமியாரும் மனைவியும் விடிந்ததும் வேலைக்கு ஓடுகிறவர்கள். அவருக்குப் பரிமாறுவது வீட்டு இயந்திரம்தான். 'மாப்பிள்ளைக்குப் பசியில்லை; இந்த வீட்டில் மனம் ஒட்டவில்லை' என்று அது அறிக்கையே கொடுத்துவிட்டது.

"எம்பொண்ணைப் பிடிக்கலைன்னா மாப்பிள்ளை நேராவே சொல்லியிருக்கலாம்" என்று மாமியார் ரங்கநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் ஒரு வேளை சாப்பிடுறதைப் பாத்துட்டுச் சொல்றேன்மா" என்றாள் நப்பின்னை.

இயந்திரம் இரண்டு இட்லி வைத்தது. "போதும், போதும்" என்றார் மாப்பிள்ளை. அது மறுபேச்சில்லாமல் அடுப்படிக்குத் திரும்பியது. அவர் கண்ணும் இட்லிப் பானையின் பின்னாலேயே போனது.

நப்பின்னைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இயந்திரத்தைக் கூப்பிட்டாள். "மாமியார் வீட்டுல போதும்னா இன்னும் ரெண்டு வைன்னு அர்த்தம்."

"அப்படியென்றால் எப்போது நிறுத்துவது?"

"கையால தட்டை மூடுவாரு பாரு, அப்போ."

பத்தாவது இட்லிக்குப் பிறகுதான் மாப்பிள்ளை தட்டை மூடினார். ரங்கநாயகிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "நீயும் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போம்மா" என்று நப்பின்னையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

இரண்டு இட்லி விழுந்ததும், "போதும்" என்றாள் நப்பின்னை.

இயந்திரம் அவள் கையைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வைத்தது. அவள் தட்டை மூடவில்லை.