காது உயரம்

"மேடம், உங்க ரெண்டு காதுக்காக உங்க வீட்டுக்காரர் எத்தனை சுவரைத் துளைக்க வெச்சிருக்கார், பாருங்க!" என்று சிரித்தபடி ஏணியிலிருந்து இறங்கினாள் கெண்ட்ரா. வரவேற்பறை, சமையலறை, படுக்கையறை என்று அறைக்கு அறை ஸ்பீக்கர் பொருத்தி முடித்திருந்தாள்.

கொரீனுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்துவிட்டு நேற்றுத்தான் டுலூத் நகரத்துப் பனியில் வீடு திரும்பியிருந்தாள். கதவைத் திறந்தால் வீடெல்லாம் ஒயர்.

கல்யாணமான நாளிலிருந்து வெர்லினின் பாட்டுப் பெட்டி வீட்டுக்கு அடியிலிருந்த நிலவறையை விட்டு மேலே ஏறியதே இல்லை. "மேல வெச்சா உன் வாய்ச் சத்தத்துல எனக்குப் பாட்டு எங்க கேக்கும்?" என்பார். அந்த மனுஷர்தான் இப்போது அவளுக்காக வீட்டையே தியேட்டராக்கிக்கொண்டிருந்தார்.

கேன்சர் மருந்தை இன்னொரு சுற்று ஏற்றிப் பார்க்கலாம் என்றிருந்தார் டாக்டர். ஏற்றினால் பிழைக்க வழி உண்டு, ஆனால் வலியும் வாந்தியும் போன தடவையைவிட மோசமாக இருக்குமாம். இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கொரீன் முடிவு செய்துவிட்டாள். வேண்டாம். இந்த நல்ல மனுஷரை இன்னும் எத்தனை நாள் தன் வாந்தியை அள்ள வைப்பது? பாட்டைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகப் போய்ச் சேரலாம்.

"உன் இஷ்டம்தான், கொரீன். நான் வற்புறுத்த மாட்டேன்" என்று வெர்லினும் காலையிலேயே சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

சமையலறையில் பாலெட் ஓவன் அடுப்பிலிருந்து ஹாட்டிஷ் என்கிற கறிக் கலவைப் பாத்திரத்தை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். சர்ச்சில் பழக்கமான பழைய சிநேகிதி. கொரீன் இல்லாதபோது செடிக்குத் தண்ணீர் விட்டு, வெர்லினுக்குச் சாப்பாடு கொண்டுவந்து, வீட்டைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

"எல்லா வேலையையும் நீயே இழுத்துப் போட்டுக்கறியேடி, நெட்டக்கொக்கு!"

"நீ பேசாம உக்காரு. நாலு வாய் தின்னு உடம்பைத் தேத்தற வழியைப் பாரு."

கெண்ட்ரா உயரமான ஒரு முக்காலி ஸ்டாண்டின் உச்சியில் சின்ன மைக்கை மாட்டினாள். "கேக்கறவங்க காது எங்க இருக்குமோ அங்க மைக்கை வெச்சு அளக்கணும், மேடம். அப்பதான் சத்தம் அவங்களுக்குன்னு அமையும். நான் சொல்றவரைக்கும் யாரும் மூச்சுக்கூட விடாதீங்க."

வரவேற்பறையில் கொரீனின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியை நிறுத்தினாள். கொரீன் ஆசையாக உட்கார்ந்து பார்த்தாள். மைக் அவள் உச்சந்தலைக்கு மேலே நின்றது.

"என்னம்மா இது, எனக்குக் காது தலைக்கு மேலயா முளைச்சிருக்கு?"

"எங்க கடை ட்ராய் வந்து அளவெடுத்துட்டுப் போனானே, அவன் சொன்ன உயரம் மேடம். இறக்கிடறேன்."

"எங்க வீட்டுக்காரர் ஞாபகத்துல சொன்ன அளவா இருக்கும், அவர் மேல தப்பில்லம்மா. இந்தப் பாழாப்போன நோயில நான்தான் குறுகிட்டேன் போல."

அறை முழுக்க 'ஊய்ங்' என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அடுத்து படுக்கையறை. கெண்ட்ரா முக்காலியைக் கட்டிலருகே கொண்டுபோய், சுவரோரத் தலையணைக்கு மேலே மைக்கைச் சரித்தாள்.

"அங்க இல்லம்மா. நான் எப்பவும் ஜன்னல் பக்கம்தான்" என்றாள் கொரீன்.

"அப்படியா? ட்ராய் வந்தப்போ நீங்களே சுவரோரமா படுத்துக் காட்டினீங்களாமே! 'வீட்டம்மா படுத்ததும் ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கல, இந்த வயசுலயும் என்ன ஜோடிடா'ன்னு கடையில எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி மாஞ்சுபோனான்."

"எப்போ வந்தாராம்?"

"போன வாரம், மேடம்."

கொரீன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போன வாரம் அவள் படுத்திருந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

"வரவேற்பறை நாற்காலியில உக்காந்து காட்டினதும் அதே வீட்டம்மாதானா?"

"ஆமா மேடம், எல்லா ரூம்லயும்..." என்று தொடங்கிய கெண்ட்ரா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு நின்றபடியே ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

குழிக்கு அளவெடுக்கும் முன்னே அவள் இடத்துக்கு அளவெடுத்துவிட்டார்கள். அதுவும் அவள் கட்டிலிலேயே.

வெர்லின் கையில் போனோடு வாசலில் வந்து நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் பாலெட், அடுப்புக் கையுறையைக்கூடக் கழற்றாமல்.

"டாக்டர் ஆபீஸ்ல இருந்து லைன்ல இருக்காங்க, கண்ணு" என்றார் வெர்லின் தேனொழுக. "உன்னை மேல மேல கஷ்டப்படுத்த எனக்கு மனசு வரல. வேண்டாம்னே சொல்லிடட்டுமா?"

"அவ முடிவை நாம மதிக்கணும், வெர்லின்" என்று பாலெட் மூக்கை உறிஞ்சினாள்.

கொரீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கமாக ஏறி, கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

"மருந்தை ஏத்தச் சொல்லு. நான் இப்போதைக்குச் சாகறதா இல்ல."