கலப்பில்லாத ஆரஞ்சு

ஓர் அச்சகத்தில், தனி டப்பாவில் வந்த ஆரஞ்சு மைக்கு ஏகப்பட்ட வீறாப்பு. மஞ்சள் மையும் ஊதா கலந்த சிவப்பான மெஜந்தா மையும் தாளில் புள்ளி புள்ளியாகச் சேர்ந்து அந்த நிறத்தை நெருங்கினால், "கிட்டத்தட்ட வந்துட்டீங்க. ஆனா நான் கலப்பில்லாதவன்!" என்று சிரிக்கும். மெஜந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் கல்யாணப் பத்திரிகை பாதி ஓடும்போதே ஆரஞ்சு தீர்ந்துபோனது. மிஷின்மேன் சூசை மஞ்சளையும் மெஜந்தாவையும் கண்ணாடிமேல் போட்டுக் கத்தியால் குழைத்தார். ஏற்கெனவே அடித்த பத்திரிகையோடு வைத்துப் பார்த்தார். அச்சு அசலாக அதே நிறம். வழித்து, காலியான ஆரஞ்சு டப்பாவிலேயே நிரப்பினார்.

பார்த்துக்கொண்டிருந்த நீல மைக்குப் பெருமை தாங்கவில்லை. "மெஜந்தா, சாதிச்சுட்டடா!" என்று கத்தியது.

டப்பாவுக்குள்ளிருந்த மெஜந்தா விறைப்பாகக் கேட்டது: "யாருடா மெஜந்தா? நான் கலப்பில்லாத ஆரஞ்சு!"