ஓட்டை விழாத ஆப்பம்

“எல்லாருக்கும் ஆப்பம். எனக்கு மட்டும் ரப்பர் ஷீட்டா சார்?”

ஹெட் கிளார்க் ஜம்புலிங்கம் தன் தட்டைக் கொண்டுவந்து அதிகாரி சந்திரமோகனின் மேஜைமேல் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க டைப்பிஸ்ட் தாதாவின் தட்டும் பின்னாலேயே வந்தது. பாவம், அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் தாதா என்று கூப்பிடும் அந்த பெங்காலி மனிதர், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருந்தார்.

தாதாவின் ஆப்பம் நடுவில் உப்பி, நிறைய ஓட்டை விழுந்து அழகாக இருந்தது. ஜம்புலிங்கத்துடையது தட்டையாகச் சுருண்டு கிடந்தது.

“சட்னியையும் தொட்டுப் பாருங்க சார், உப்பே கிடையாது. ஒரு மாசமா இதே கதை. கான்டீன்ல ஈ மொய்க்குதுன்னு யூனியன் மீட்டிங்ல பேசினேன். அந்தக் கோபம்.”

கான்டீன் ஜெயராணியைக் கூப்பிட்டார்கள். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ரப்பர் ஷீட் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். எட்டு வருடமாகக் கான்டீன் நடத்துகிறாள். அடுத்த வருடத்துக்கான ஒப்பந்தம் சந்திரமோகனின் மேஜையில்தான் கையெழுத்துக்குக் காத்திருந்தது, இப்போது ஆப்பத் தட்டுக்கு அடியில்.

“இவருக்கு மட்டும் தனி மாவாம்மா?” என்று கேட்டார் சந்திரமோகன்.

“ஆமா சார். அதுல ஆப்பசோடா போடறதில்ல.”

“கேட்டுக்கங்க” என்றார் ஜம்புலிங்கம்.

சந்திரமோகனுக்கு வேறு சந்தேகம். “சோடா கெடுதல்னு வாட்ஸ்அப்ல தினம் வருதே. அதை ஏன் மத்தவங்களுக்குப் போடறீங்க?”

“அளவா போட்டா ஒண்ணும் செய்யாது சார். ஒரு படி மாவுக்கு ரெண்டு சிட்டிகை. கூடிப்போனா ஆப்பம் மஞ்சளாகும், சோப்பு வாடை அடிக்கும். இந்த ரேஷன் அரிசிக்கு அது இல்லாம சரியாப் பொங்காது.”

“அப்ப இவருக்கும் போட வேண்டியதுதானே? தனியா கரைச்சு, தனியா ஊத்தி, உங்களுக்குத்தானே ரெட்டை வேலை?”

ஜெயராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

“காரணம் என்னம்மா?”

“சொல்ல ஏலாது சார்.”

சந்திரமோகன் நல்லவர்தான். ஆனால் ஜம்புலிங்கம் புகாரை எழுத்திலும் கொடுத்திருந்தார். “காரணம் சொன்னா இப்பவே கையெழுத்துப் போடறேன். இல்லன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்.”

அவள் ஜம்புலிங்கத்தை ஒரு தடவை பார்த்தாள். சொல்லிவிடுவாள் போலத்தான் இருந்தது. இரண்டு பிள்ளைகளின் படிப்பு அந்தக் கான்டீனில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“சாயங்காலம் பாத்திரமெல்லாம் எடுத்துக்கறேன் சார்” என்றாள்.

தாதாவுக்கே மனசு கேட்கவில்லை. “ஜானே தோ பாபு, விட்டுடுங்க” என்று இழுத்தார். ஜம்புலிங்கம் விடுகிற ஆளா? ஒப்பந்தக் காகிதம் ஃபைலுக்குள் திரும்பிப் போகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் கராச்சர்மா பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர சீட்டு வேறு கிடைத்தது. சில நாள் அப்படித்தான், எல்லாம் கூடிவரும்.

“அந்த கான்டீன்காரியை இன்னிக்கு மூட்டை கட்ட வச்சாச்சு” என்றார் மனைவி விசாலாட்சியிடம், செருப்பைக்கூடக் கழற்றாமல். “எனக்கு மட்டும் ஏன் சோடா போடலன்னு கேட்டா, சொல்ல ஏலாதாம். கான்டீனே போனாலும் சொல்ல மாட்டாளாம். என்ன திமிர் பாரு.”

விசாலாட்சி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“உங்க பிரஷருக்கு உப்பும் சோடாவும் ஆகாதுன்னு டாக்டர் சொன்ன மறுநாளே, நான்தான் பஸ் ஏறிப் போய் அவகிட்டச் சொன்னேன்” என்றாள் மெதுவாக. “பிரஷர்னு தெரிஞ்சா தீவுத் தீவா டூர் அனுப்ப மாட்டாங்க, டூர் பேட்டா போயிடும், ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினீங்கல்ல? அதே சத்தியத்தைத்தான் நான் அவகிட்ட வாங்கினேன்.”