முன்னால் செல்பவனின் கை

“ஆனை வந்துச்சுன்னா மொதல்ல உங்களைத்தானுங்ணா புடிக்கும். நான் அந்த கேப்புல திரும்பிப் போயிருவேன்.”

கிருபாசங்கர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான். மிதிவண்டியை மிதிப்பதை விடாமலே, பின்னால் வருகிறவன் மிதுன்தானா என்று திரும்பிப் பார்த்தான். மிதுன்தான். மஞ்சள் தலைக்கவசத்தின் கீழ் இருபது வயது முகம். ஒன்றும் அறியாத சிரிப்பு.

ஆனைகட்டி மலைச்சாலைக்கு மிதுன் வருவது இதுவே முதல் தடவை. ஓராண்டுக்கு முன் இதே சாலையில் கிருபாசங்கருக்குப் பின்னால் மிதிவண்டியில் வந்தவன், மிதுனின் அண்ணன் ரித்விக். இதே மூங்கில் நிழலில் இதே ஆனைப் பேச்சைப் பேசியவனும் அவனே. அன்று இறக்கத்துத் திருப்பத்தில், சிதறிக் கிடந்த ஜல்லியில் சறுக்கி விழுந்த ரித்விக் வீடு திரும்பவில்லை.

“எங்கண்ணன் போன ரோட்டுல ஒருக்காப் போகோணுங்ணா” என்று மிதுன் கேட்டபோது, ஒரே மிதிவண்டிப் பந்தய அணியில் இருந்துகொண்டு மறுக்கக் கிருபாசங்கருக்கு வழியில்லை.

சற்று முன்பு, மாங்கரைச் சோதனைச் சாவடியில் தண்ணீர் குடிக்க நின்றபோது, மூலை உடைந்த கைப்பேசி ஒன்றின் திரையைத் தொட்டுவிட்டுச் சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டான் மிதுன்.

“ஏத்தத்துல பேசிட்டே வரச் சொன்னாருங்ணா கோச்சு. பேச்சு எங்க அறுகுதோ அங்கதான் மூச்சு தோக்குதாமா.”

“தெரியுமே! உங்கண்ணனும் அப்படித்தான். பேசிப் பேசியே என்ற காதுல ரத்தம் வர வெச்சுருவான்” என்று அப்போது கிருபாசங்கர் சிரிக்கவும் செய்தான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. சாலையில் கிடந்த காய்ந்த இலை ஒன்றைக் கண்டு, வலக்கையைத் தாழ்த்திக் காட்டினான்.

“என்னங்ணா, எலைக்கெல்லாம் கை காட்டறீங்க?”

மிதிவண்டிக்காரர்களின் வழக்கம் அது. பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு முன்னவனின் முதுகு மட்டுமே தெரியும். ஆகவே, பள்ளமோ மணலோ கண்டால் முன்னவன் கை காட்ட வேண்டும். இறக்கத்தில் காற்று குரலை விழுங்கிவிடும். அங்கே கைதான் பேச்சு.

“நான் கை காட்டினேனுங்க, அவன்தான் கவனிக்கலை” என்று அன்று கிருபாசங்கர் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். ரித்விக்கின் தாய் புவனா மட்டும், “என்ற பையன் அத்தனை அசால்ட்டானவன் இல்லீங்களே” என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஏற்றம் செங்குத்தாயிற்று. பின்னாலிருந்து மூச்சிரைப்போடு குரல் வந்தது.

“அண்ணா, உங்க முதுகுல வேர்வை கேரளா மேப்பு மாதிரியே இருக்குதுங்க. பார்டரை நெருங்கிட்டமல்லங்க, அதான்!”

கிருபாசங்கரின் கால்கள் ஒரு கணம் மிதிக்க மறந்தன. இதுவும் ரித்விக் சொன்னதுதான். எழுத்துப் பிசகாமல் அதே சொற்கள்.

“தம்பி, இதெல்லாம் உனக்கு யாருடா சொன்னா?”

“எதுங்ணா?”

மலையுச்சியை எட்டியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. இறக்கம் தொடங்கும் இடத்தில் மிதுன் மீண்டும் பேசினான்.

“ஸ்டேட் டீமுல ஒரு எடந்தானுங்ணா இருக்குது. நீங்களோ நானோ, ஜெயிச்சவங்க தோத்தவங்களுக்குப் பிரியாணி வாங்கித் தரோணும். பேச்சு மாறக்கூடாதுங்க!”

மிதுன் எந்தத் தேர்விலும் இல்லை. ஓராண்டுக்கு முன் அந்த ஓர் இடத்துக்காகப் போட்டியிட்டவர்கள் கிருபாசங்கரும் ரித்விக்குமே. ரித்விக் கடைசியாகப் பேசிய பேச்சு அது. அதைக் கேட்டவன் கிருபாசங்கர் ஒருவனே.

இம்முறை அவனுக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. இறக்கத்தில் வண்டி தானாக விரைந்தது. பின்னால் வந்த சக்கரத்தின் ‘டிக் டிக்’ ஒலி, எட்டவும் போகாமல் கிட்டவும் வராமல் தொடர்ந்தது.

அந்தத் திருப்பம் வந்தது. இன்று அங்கே ஒரு கல் கூட இல்லை. கிருபாசங்கர் பிரேக்கை இறுக்கி அழுத்தி நின்றான். கைப்பிடியின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

“ரித்விக்கு... அந்த ஜல்லியை நான் பாத்தேன்டா. பாத்துட்டு நான் மட்டும் ஒதுங்கிப் போனேன். கை காட்டலை. நீ கொஞ்சம் பின்தங்கோணும்னுதான்டா... இப்படி ஆயிரும்னு நெனைக்கவே இல்லை. கவனிக்கலைன்னு உம்மேலயே பழியையும் போட்டுட்டேன். என்னைய விட்டுர்றா.”

‘டிக் டிக்’ ஒலி நின்றது. மிதுன் வண்டியை விட்டு இறங்கி அருகில் வந்தான். பின்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தான்.

“இது எங்கண்ணன் போனுங்ணா. போன மாசந்தான் லாக்கு தொறந்துச்சு. மூச்சைத் திரும்பக் கேட்டுப் பாக்கறதுக்காக, அன்னைக்கு ஏத்தத்துல பேசுனதையெல்லாம் ரெக்கார்டு பண்ணியிருக்கான். நானும் நூறு தடவைக்கு மேல கேட்டுட்டேனுங்க.”

உடைந்த திரையில், இன்றைய பதிவின் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. கிருபாசங்கர் நிமிர்ந்து அதைப் பார்த்தான்.

“அப்ப... நான் செஞ்சது உனக்கு முன்னாலயே தெரியுமாடா?”

மிதுனின் கண்கள் நிறைந்திருந்தன.

“இதுல பேச்சு மட்டுந்தானுங்ணா கேக்குது, நீங்க கை காட்டலைங்கறது இப்ப நீங்க சொல்லித்தானுங்க தெரியும்.”